கைப்பேசியில் ‘அ’ எழுதிய பிள்ளைகள் இன்று படிவம் ஒன்றில்

2020 ஜனவரியில் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டில் காலடி வைத்த பிள்ளைகள் இவ்வாண்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கி ஏறக்குறைய பத்து வாரம்தான் ஆகியிருந்தது. மார்ச் 18ஆம் தேதி நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பென்சிலைச் சரியாகப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்த கை, அதன் பிறகு இரண்டு ஆண்டுகளின் பெரும் பகுதியைக் கைப்பேசித் திரையைத் தள்ளுவதில் கழித்தது.

கோவிட் காலத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். மைசெஜாத்ரா செயலியைக்கூட அழித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தில் வீட்டு வருமானத்துக்கு நேர்ந்ததும் பிள்ளைகளின் படிப்புக்கு நேர்ந்ததும் இரண்டு தனித்தனிக் கதைகள் அல்ல. சம்பளம் நின்றதும் படிப்பு எப்படித் தடுமாறியது என்பது தெரிந்தால், இன்று மலாய்ப் பாட நூலை வைத்துக்கொண்டு விழிக்கும் பிள்ளையைப் பார்த்து “இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள்.

முதலில் அந்த வகுப்பின் நாட்காட்டியைப் பார்ப்போம். மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஜூன் 24ஆம் தேதிதான் திறந்தன, அதுவும் படிவம் 5, 6 மாணவர்களுக்கு மட்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் திரும்பி வந்தது ஜூலை 22ஆம் தேதி. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் அக்டோபர் 14ஆம் தேதி மீண்டும் பூட்டு விழுந்தது. நவம்பர் 9 முதல் நாடு முழுவதும் மூடல். 2021ஆம் ஆண்டுக் கல்வித் தவணை ஜனவரி 20இல் தொடங்கியது. ஆனால் தேர்வு எழுதும் மாணவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வீட்டிலிருந்தே பாடம். இரண்டாம் ஆண்டுக்குப் போயிருந்த இந்தப் பிள்ளைகள் மார்ச் 1ஆம் தேதி வகுப்பறைக்கு வந்தார்கள். மே மாதம் தொற்று ஏறியதும் கதவு மறுபடி சாத்தப்பட்டது. அக்டோபர் 3 முதல் படிப்படியாகத் திறந்தபோதும் பாதிப் பேர் ஒரு வாரம், மீதிப் பேர் மறு வாரம் என்று சுழற்சி முறையில்தான் வந்தார்கள்.

மற்ற வகுப்புகளுக்கும் இதே நிலைமைதான். ஆனால் ஐந்தாம் ஆண்டு மாணவன் சரளமாக வாசிக்கத் தெரிந்த பிறகு வீட்டில் முடங்கினான். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்தே அப்போதுதான் அறிமுகமாகிக்கொண்டிருந்தது.

சம்பளம் நின்ற வீடும் நிற்காத வீடும்

தோட்டத்தில் வேலை நிற்கவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். செம்பனைத் தோட்டங்கள் கட்டுப்பாடுகளுடன் இயங்க அனுமதிக்கப்பட்டன. குலை வெட்டும் வேலை தொடர்ந்தது. ஆனால் இன்றைய தோட்டக் குடும்பம் தோட்டச் சம்பளத்தை மட்டும் நம்பி வாழ்வதில்லை. 2020இல் குறைந்தபட்சச் சம்பளம் மாநகர், நகராண்மைப் பகுதிகளில் 1,200 வெள்ளி, மற்ற இடங்களில் 1,100 வெள்ளி. இதைக் கொண்டு மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது. அம்மா பக்கத்து டவுனில் தொழிற்சாலைக்கோ துப்புரவு வேலைக்கோ போவார். மூத்த மகன் லோரியில் உதவியாளராக இருப்பான். அந்த இரண்டாவது, மூன்றாவது வருமானம்தான் ஒரே வாரத்தில் நின்றது. லயத்து வீட்டில் அடுப்பு எரிந்தது. பிள்ளைக்கு டேட்டா போடக் காசு இல்லை.

டவுன் பக்கம் அடி வேறு விதம். நம்மவர்களில் பலர் கூட்டம் கூடினால் மட்டுமே பிழைப்பு நடக்கும் தொழில்களில் இருப்பவர்கள். கல்யாண அலங்காரம், விருந்துச் சமையல், நாதஸ்வரம், பூமாலை, ஒலிபெருக்கி வாடகை, புகைப்படம் எல்லாம் ஒரே நேரத்தில் முடங்கின. முடிதிருத்தும் கடைகள் 2020 ஜூன் 10 வரை திறக்கவே இல்லை. 2021 தைப்பூசத்தில் பத்துமலை பக்தர் கூட்டம் இல்லாமல் கிடந்தது. அந்த ஒரு வாரத்து வியாபாரத்தை நம்பி ஆண்டுக் கடனை அடைக்கும் சிறு வியாபாரிகள் எத்தனை பேர் என்று கோயில் வாசலில் கடை போட்டவர்களுக்குத் தெரியும்.

பள்ளி வேன் ஓட்டுநரின் நிலைமையை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. அவருடைய வருமானமும் பிள்ளைகளின் படிப்பும் ஒரே கதவுக்குப் பின்னால் இருந்தன. பள்ளி மூடினால் வசூல் இல்லை. வேனின் மாதத் தவணை இருந்தது. 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம் வங்கிக் கடனைத் தள்ளிவைக்க அனுமதி கிடைத்தது உதவிதான். அந்த ஆறு மாதம் முடிந்து ஆறு வாரத்துக்குள் நாடு முழுவதும் பள்ளிகள் மீண்டும் மூடின. வண்டியை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் பலர். பள்ளிகள் திறந்தபோது வேன் கிடைக்கவில்லை என்று பெற்றோர் புலம்பினார்கள். தோட்டத்திலிருந்து டவுன் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வேன் இல்லை என்றால் பள்ளியே இல்லை.

ஜொகூர்பாரு குடும்பங்களுக்கு இன்னொரு சோதனை. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு இரவு வீடு திரும்பியவர்கள், 2020 மார்ச் 18க்குப் பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. அங்கேயே தங்கினால் சம்பளம் உண்டு, குடும்பம் இல்லை. இங்கே இருந்தால் குடும்பம் உண்டு, சம்பளம் இல்லை. ஆகஸ்ட் 17 முதல் வந்த சிறப்பு ஏற்பாட்டின்படியும் குறைந்தது மூன்று மாதம் அங்கே வேலை செய்த பிறகே விடுப்பில் வர முடியும். தரை வழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. இரண்டு ஆண்டுக் காலம் அப்பாவைக் கைப்பேசித் திரையில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே கைப்பேசியில்தான் பாடமும் வந்தது.

நாடளவில் நிலவரம் இது: 2020 மே மாதம் வேலையில்லாதோர் விகிதம் 5.3 விழுக்காட்டைத் தொட்டது. 8 லட்சத்து 26 ஆயிரம் பேர் வேலையின்றி இருந்தார்கள். வறுமையில் உள்ள குடும்பங்களின் விகிதம் 2019இல் 5.6 விழுக்காடாக இருந்தது, 2020இல் 8.4 விழுக்காடாக உயர்ந்தது. யுனிசெஃப்பும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் 500 குடும்பங்களிடையே நடத்திய ஆய்வில், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் 32 விழுக்காட்டில் குடும்பத் தலைவிக்கு வேலை இல்லை. தனியொரு தாயாகப் பிள்ளைகளை வளர்ப்பவர் வேலைக்குப் போனால் பிள்ளையோடு பாடத்துக்கு உட்கார ஆள் இல்லை. போகாவிட்டால் சோறு இல்லை.

உதவி வந்தது, ஆனால் யாருக்கு?

அரசாங்கம் பணம் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு பிரிஹாதின் உதவித்தொகையாக 1,600 வெள்ளி வந்தது. சம்பள உதவித் திட்டத்தில் ஒரு தொழிலாளிக்கு மாதம் 600 வெள்ளி என்று முதலாளிகளுக்கு வழங்கப்பட்டது. வேலை இழந்தவர்களுக்கு சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் இருந்தது. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, பிறகு 40, 30 என்று ஆறு மாதம் வரை அது தரும்.

இங்கேதான் ஓட்டை. 600 வெள்ளியும் சொக்சோ பணமும் முதலாளி சந்தா கட்டிப் பதிவு செய்த தொழிலாளிக்குத்தான். கையில் நாள் கூலி வாங்கியவர், மேளம் வாசித்தவர், சொந்தமாக வேன் ஓட்டியவர் எவரும் அந்தப் பட்டியலில் இல்லை. “நாளையிலிருந்து வேலை இல்லை, இதில் ஒரு கையெழுத்துப் போடு” என்று கேட்டு, விருப்பத்தோடு விலகுவதாக எழுதிக் கொடுத்தவருக்கும் காப்புறுதிப் பணம் கிடைக்காது. வேலை போன 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும் என்பது தெரியாமல் விட்டவர்களும் உண்டு. (இந்த விதி இன்றும் நடப்பில் இருக்கிறது. வேலை நிறுத்தக் கடிதம் வந்தால் முதலில் போக வேண்டிய இடம் சொக்சோ அலுவலகம்.)

2021 ஜூலையில் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டிய குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அதற்குள் பிரிஹாதின் பணம் செலவாகி ஓராண்டு ஆகியிருந்தது.

ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள்

2020 ஏப்ரலில் கல்வியமைச்சு ஓர் ஆய்வு நடத்தியது. ஏறக்குறைய 9 லட்சம் மாணவர்களின் பெற்றோர் பதில் சொன்னார்கள். 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி, கணினி, தட்டைக் கணினி ஆகிய ஒவ்வொன்றையும் வைத்திருந்தவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றவர்களுக்குக் கைப்பேசிதான் வகுப்பறை.

கைப்பேசி இருக்கிறது என்றால் யாருடைய கைப்பேசி என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் அது அப்பாவுடையது. அவர் லோரி எடுக்கப் போனாலும் காவல் பணிக்குப் போனாலும் அதுவும் அவரோடு போகும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2020 ஏப்ரலிலிருந்து நாளொன்றுக்கு 1 ஜி.பி. டேட்டாவை இலவசமாகக் கொடுத்தன. ஆனால் அது காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரைதான். அப்பா இரவில் கைப்பேசியோடு வீட்டுக்கு வரும்போது இலவசம் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு மூன்று பிள்ளைகள் முறை வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்.பி.எம். எழுதும் அக்காவுக்கு முதலிடம். வீட்டில் யாரும் பேசி முடிவு செய்யாமலேயே கடைசி இடம் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குப் போய்விடும், “அது சின்னப் பிள்ளைதானே” என்று. உண்மையில் அதிகம் இழக்கப்போவது அந்தச் சின்னப் பிள்ளைதான்.

ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. புலனக் குழுவில் குரல் பதிவு அனுப்பினார்கள். இணைய வசதி இல்லாத வீடுகளுக்குப் பயிற்சித் தாள்களை அச்சடித்துக் கொடுத்தார்கள். அமைச்சு 2021 பிப்ரவரி 17ஆம் தேதி டிடிக் டிவி என்ற கல்வி அலைவரிசையைத் தொடங்கியது. அரசு சார்பு நிறுவனங்களின் நிதியில் 1 லட்சத்து 50 ஆயிரம் கருவிகள் தரும் ‘செர்டிக்’ திட்டம் தொடங்கப்பட்டதும் அதே மாதத்தில்தான். அதாவது, பள்ளி முதலில் மூடிப் பதினோரு மாதம் கழித்து.

சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உட்கார்ந்து படிப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய 700 சதுர அடி பி.பி.ஆர். வீட்டில் ஏழெட்டுப் பேர் நாள் முழுவதும் அடைந்து கிடந்தவர்களுக்கு அது தெரியும்.

படிக்க வைக்க வீட்டில் யாருக்குத் தெரியும்?

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருந்தது. முதலாம் ஆண்டிலிருந்தே இவர்கள் மூன்று மொழி படிக்கிறார்கள். தமிழில் 247 எழுத்து. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்து ஒன்று, ஆனால் உச்சரிப்பு வேறு வேறு. வகுப்பறையில் ஆசிரியர் பிள்ளையின் வாயைப் பார்ப்பார், கையைப் பிடித்து எழுத வைப்பார், ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றையும் பத்துத் தடவை சொல்ல வைப்பார். குரல் பதிவில் அது முடியாது. பிள்ளை என்ன சொன்னது என்பது ஆசிரியருக்கு வந்து சேர்வதற்குள் இன்னும் முப்பது பதிவுகள் குவிந்திருக்கும்.

ஆகவே அந்த வேலை பெற்றோரின் தலையில் விழுந்தது. தோட்டத்தில் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய அம்மாவால் தமிழ் சொல்லிக் கொடுக்க முடிந்தது, மலாய்க் கட்டுரையில் கைவிட வேண்டியதாயிற்று. டவுனில் நிலைமை தலைகீழ். தேசியப் பள்ளியில் படித்து வளர்ந்த அப்பா, பிள்ளையாவது தமிழ் படிக்கட்டும் என்ற ஆசையில் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியிருப்பார். அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பிள்ளையின் தமிழ் நூலைத் திறந்தால் இருவரும் ஒரே வகுப்பு. அந்த ஆசை குறை சொல்லக்கூடியது அல்ல. ஆனால் பள்ளி மூடியபோது அந்த வீட்டில் தமிழ் எழுத்துக்கு ஆசிரியரே இல்லாமல் போனார்.

கணக்கு இன்னும் மோசம். ஒரு தடவை தவறவிட்ட கழித்தல், மூன்றாம் ஆண்டில் வகுத்தலாக வந்து நிற்கும்.

இதோடு சாப்பாடும் சேர்ந்தது. வசதி குறைந்த ஆரம்பப்பள்ளி மாணவர்களுக்கு அமைச்சின் ஆர்.எம்.டி. கூடுதல் உணவுத் திட்டம் பள்ளி நாளில் ஒரு வேளை தரும். பள்ளி மூடினால் அந்த வேளையும் இல்லை. சம்பளம் குறைந்த அதே மாதத்தில் வீட்டில் ஒரு சாப்பாடு கூடியது.

பெரிய பிள்ளைகள் எங்கே போனார்கள்?

சின்னப் பிள்ளைகள் எழுத்தை இழந்தார்கள் என்றால், பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் பள்ளியையே இழந்தார்கள். 2020இல் யூ.பி.எஸ்.ஆர்., பி.டி.3 தேர்வுகள் ரத்தாயின. யூ.பி.எஸ்.ஆர். அடுத்த ஆண்டு நிரந்தரமாகவே எடுக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. தேர்வு இல்லை, வகுப்பு இல்லை, வீட்டில் காசு இல்லை என்றால் உடம்பில் பலமுள்ள பையன் என்ன செய்வான்? கார் கழுவும் கடை, மோட்டார் பட்டறை, உணவு விநியோகம். ஆயிரம் வெள்ளியைக் கையில் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுக்கத் தொடங்கிய பிள்ளையை, பள்ளி திறந்துவிட்டது என்று திருப்பி அனுப்புவது லேசான காரியமல்ல. பெண் பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றார்கள். அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் வரவில்லை.

2020 மார்ச் முதல் 2021 ஜூலை வரை 21,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளியிலிருந்து விலகியதாகக் கல்வியமைச்சு தெரிவித்தது. பள்ளியில் பெயர் இருந்து ஆள் வராதவர்கள் இதில் சேர மாட்டார்கள். தங்கியவர்களின் நிலையை 2022 பீசா அனைத்துலக ஆய்வு காட்டியது. 15 வயது மாணவர்களின் கணிதப் புள்ளி 2018இல் 440. நான்கு ஆண்டில் அது 409க்கு இறங்கியது. வாசிப்பு 415லிருந்து 388க்கு.

சேமநிதியும் படிப்புதான்

ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு 2022இல் 10,000 வெள்ளி சிறப்பு மீட்பு என்று நான்கு தடவை ஊழியர் சேமநிதியின் கதவு திறந்தது. 81 லட்சம் சந்தாதாரர்கள் 145 பில்லியன் வெள்ளியை எடுத்தார்கள். அதை ஊதாரித்தனம் என்று பேசியவர்கள் அரிசி மூட்டை விலையை மறந்து பேசினார்கள். எடுத்தது தவறல்ல. எடுத்ததன் விலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு என்று வைத்துக்கொண்டால் 10,000 வெள்ளி 20 ஆண்டில் 26,500 வெள்ளிக்கு மேல் ஆகியிருக்கும்.

முதுமை ஒரு பக்கம் இருக்கட்டும். பல குடும்பங்கள் பிள்ளையின் உயர்கல்விக்கு நம்பியிருந்தது சேமநிதியின் இரண்டாவது கணக்கைத்தான். கல்விச் செலவுக்கு அதிலிருந்து எடுக்க விதி இருந்தது. ஐ-லெஸ்தாரியில் மாதம் 500 வெள்ளியாகக் கரைந்தது அதே கணக்கு. இன்று படிவம் ஒன்றில் இருப்பவன் ஐந்தாறு ஆண்டில் எஸ்.பி.எம். முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும்போதுதான் அந்த 2020ஆம் ஆண்டுக் கடன் கண்ணுக்குத் தெரியும். இப்போதே பார்த்தால் ஐந்தாறு ஆண்டு அவகாசம் உண்டு.

இப்போது என்ன கேட்கலாம்?

படிவம் ஒன்றில் பாடம் மலாய் மொழியில் நடக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து மலாயில் குறைந்தபட்ச அடைவு இல்லாத மாணவர்களுக்குப் புகுமுக வகுப்பு இருக்கிறது. நம்மவர்கள் ‘ரிமூவ் கிளாஸ்’ என்று சொல்வது. ஓர் ஆண்டு வீணாகிறது, அக்கம்பக்கம் கேலி செய்யும் என்று அதை வெறுப்பவர்கள் அதிகம். இந்த வகுப்பைப் பொறுத்தவரை அந்த ஓர் ஆண்டு, நாடு அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட நாட்களில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை. நேராகப் படிவம் ஒன்றுக்குப் போன பிள்ளைக்கும், சத்தம் போட்டு ஒரு பக்கம் மலாய் வாசிக்க வருகிறதா என்று வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். திக்கினால், ஆண்டுத் தேர்வு வரை காத்திராமல் வகுப்பாசிரியரைப் போய்ப் பார்ப்பது நல்லது. “ஒன்றாம், இரண்டாம் ஆண்டில் பிள்ளை வீட்டிலிருந்தே படித்தது” என்று சொன்னாலே பாதி புரிந்துவிடும்.

தம்பி தங்கைகள் இன்னும் தமிழ்ப்பள்ளியில் இருந்தால், குறைநீக்கல் வகுப்பில் பெயர் வந்ததற்காகத் தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகும் பழக்கத்தை விட வேண்டும். அங்கே ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் எழுத்திலிருந்து தொடங்குகிறார். டியூஷனுக்குக் காசு கொடுத்தாலும் அவ்வளவு கவனம் கிடைக்காது.

கார் கழுவும் கடையில் நின்றுவிட்ட அண்ணனுக்கும் வழி முழுவதும் அடைபடவில்லை. எஸ்.பி.எம். தேர்வைத் தனியார் தேர்வராக எழுத முடியும். மாநிலக் கல்வி இலாகாவில் பதிவு விவரம் கிடைக்கும். கியாட்மாரா பயிற்சி நிலையங்கள் எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லாதவர்களையும் கைத்தொழில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்கின்றன. எழுத, வாசிக்க, எண்ணத் தெரிந்தால் போதும். இப்போது அவனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். சம்பளத்தை விட்டுவிட்டுப் படிக்க வா என்றால் வர மாட்டான். மாலை நேரமா, உதவித்தொகை உண்டா, எத்தனை மாதம் என்று பக்கத்து நிலையத்தில் விசாரித்துவிட்டு, பிறகு அவனிடம் பேச வேண்டும்.